பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

தொடக்கப்பள்ளி வகுப்பறைக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைக்கும் தன்னார்வலருக்கு அங்கே என்ன வேலை? இன்றைய பொருள் அதுதான்.

முதலில் ஒரு கணக்கு. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று வரையறுக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளி எல்லோரும் அறிந்த ஒன்று. பிள்ளைகள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புகளோ ஐந்து. தலைமையாசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்த்தால் மற்றவர் மூன்று வகுப்புகளைப் பார்ப்பார். 40 நிமிடப் பாடவேளையில் தம் பங்குக்கு வரும் 20 பிள்ளைகளையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அதுவும் எப்போது? யாரும் யாரையும் கிள்ளாமல், யாரும் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்காமல், முட்டைக் கணக்குக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்காமல், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்று கைப்பேசி ஒலிக்காமல் இருந்தால்!

பாடம் நடத்துவதில் ஆசிரியருக்குத் தெரியாத எதுவும் தன்னார்வலருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் ஆசிரியரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரே ஒரு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார அவருக்கு நேரம் இருக்கிறது. வகுப்பின் முன்னால் நிற்க ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை. முதன்முறை வருபவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வருகிறார். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தமக்காகக் காத்திருப்பதாக நினைக்கிறார். அந்த எண்ணத்தை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிடுவது நல்லது.

வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக இன்னொருவர் இருப்பது இன்று நேற்று வந்த ஏற்பாடா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். வயதில் மூத்த மாணவன், இளையவர்களை எழுத வைப்பான், ஒப்பிக்கக் கேட்பான், ஆசிரியரான அண்ணாவியார் இல்லாத நேரத்தில் அதட்டவும் செய்வான். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் மணல் பரப்பினார். மூத்த சிறுவர்களை இளையவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்து அதை 'மெட்ராஸ் முறை' என்று அழைத்து ஏற்றுக்கொண்டது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் சமாளிக்கும் வழியாக அது அங்கே பரவியது. செலவு குறைந்ததுதான். ஆனால் பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக நின்று ஒப்பிக்கும் முறையில், பக்கத்தில் உட்காரும் பழக்கம் எங்கே போயிற்று என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பக்கத்தில் உட்காரும் முறைக்கு நல்ல சான்று மும்பையிலும் வதோதராவிலும் கிடைத்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அங்கே 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தியது. பால்சகி என்பவர் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண். பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆசிரியர் பயிற்சிப் பட்டம் எதுவும் பெறாதவர். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படை எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கொடுத்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் நால்வர் செய்த மதிப்பீடு 2007இல் வெளிவந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்திருந்தன. அதிலும் யாருக்கு அதிகப் பயன்? வகுப்பில் கடைசியில் இருந்த பிள்ளைகளுக்கு. பட்டம் இல்லாத இளம்பெண் எப்படி இதைச் செய்தார்? அவர் பாடத்திட்டத்தை முடிக்க ஓடவில்லை. பிள்ளை எங்கே நின்றதோ அங்கே போய் நின்றார்.

தமிழ்நாட்டில் இதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் தன்னார்வலர்கள் இறங்கிய காலமும் அண்மையில்தான் கடந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. பூட்டும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்த இரண்டாம் வகுப்பு எங்கே? அந்தப் பிள்ளை அதைப் பார்க்கவே இல்லை. பள்ளி திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை நேரத்தில், குடியிருப்புக்கு அருகிலேயே வகுப்பு. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானதாக இருந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் தன்னார்வலராயினர், பெரும்பாலோர் பெண்கள். கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்று கூப்பிடவில்லை. அக்கா என்று கூப்பிட்டார்கள். டீச்சரிடம் கேட்கக் கூச்சப்படும் சந்தேகத்தை அக்காவிடம் கேட்கலாம்.

இனி வகுப்பறைக்குள் போவோம். இல்லை, அதற்கு முன் தலைமையாசிரியர் அறைக்குப் போக வேண்டும்.

தன்னார்வலர் நேரே வகுப்புக்குள் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள்; கல்வி உரிமைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. வெளியாள் ஒருவர் தம் பிள்ளைகளோடு உட்காரப் போகிறார் என்றால் பெற்றோருக்கு அவரைப் பற்றி அறிய உரிமை உண்டு. அடையாளச் சான்று கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர் இந்தப் பணிக்கு வராமலே இருக்கலாம். பிள்ளையோடு தனியே உட்கார்ந்தாலும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில்தான் உட்கார வேண்டும். வராந்தா நல்லது, மரத்தடி இன்னும் நல்லது, கதவு சாத்திய அறை ஒருபோதும் கூடாது. பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுவதும் அப்படியே.

கடினமான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மனத்துக்குப் பிடித்தவரிடம் பிள்ளைகள் சில நேரம் வீட்டில் நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். அது பாலியல் துன்புறுத்தலாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. 1098 என்ற சிறார் உதவி எண் இருக்கிறது; தலைமையாசிரியரும் இருக்கிறார். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் விஷயமல்ல இது.

அடுத்து வகுப்பாசிரியரோடு ஒரு பேச்சு. அதில் கேட்க வேண்டியவை சிலவே. எந்தப் பிள்ளைகளுக்கு உதவி தேவை? எந்த நேரம் வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாதது? எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்? 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். தன்னார்வலர் அந்தச் சொற்களை அறிந்திருந்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் அரும்பில் நிற்கும் நான்கு பேரை ஆசிரியர் காட்டுவார். அந்த நான்கு பேர்தான் தன்னார்வலரின் வகுப்பு. 40 பேர் அல்லர், நான்கு பேர்.

முதல் நாள் எப்படி இருக்கும்? குஜராத்தியில் கிஜுபாய் பதேகா எழுதிய 'திவாஸ்வப்னா' என்ற நூல் 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. கதைப்போக்கில் எழுதிய கல்வி நூல் அது. லட்சுமிராம் என்பவர் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்க ஓராண்டு அனுமதி வாங்கிக்கொண்டு நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். புத்தகங்களில் படித்ததை எல்லாம் திட்டமிட்டு, முதல் நாளே அமைதி விளையாட்டு ஒன்றை நடத்துகிறார். என்ன ஆயிற்று? வகுப்பு கூச்சலும் கும்மாளமுமாகப் போயிற்று. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். அதன்பின் பிள்ளைகள் அவரை விட்டு நகரவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் முதல் நாளுக்கு அந்த நூலைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. பிள்ளைகளுக்குத் தெரியாத மனிதரின் கட்டளைக்கு மதிப்பில்லை. தெரியாத மனிதரின் கதைக்கு மதிப்பு உண்டு.

ஆகவே முதல் நாள் இரண்டு வேலை போதும். ஒன்று, பெயர்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்றாக இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். எதைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று பிள்ளையிடமே கேட்கலாம். மறுவாரம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுபவரை அந்தப் பிள்ளை தன் ஆளாக எண்ணத் தொடங்கிவிடும். இரண்டு, ஒரு கதை. நரியோ காகமோ பாட்டியோ ஏதோ ஒன்று. புத்தகத்தைப் பார்க்காமல், தரையில் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாற்காலி வேண்டாமா? வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு முழங்கால்தான் தெரியும்.

இனி முதன்மையான பகுதி. பிள்ளை வாசிப்பதைக் கேட்பது.

புத்தகத்தைக் கொடுத்து 'வாசி' என்றால் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா என்பது தெரிந்துவிடாதா? தெரியாது. பல பிள்ளைகள் பாடத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கி வைத்திருப்பார்கள். விரல் ஒரு சொல்லில் நிற்கும். வாய் வேறு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பவர் காதை மட்டும் கொடுத்தால் ஏமாந்துபோவார். கண்ணை விரலில் வைத்திருக்க வேண்டும். படத்தைக் கையால் மூடிப் பார்க்கலாம். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்கலாம். அதே சொல்லைத் தனியே சிலேட்டில் எழுதிக் காட்டலாம். வரிசையாக ஒப்பித்த பிள்ளை அப்போது விழிக்கும். அந்த விழிப்பில்தான் தன்னார்வலரின் வேலை தொடங்குகிறது.

பிள்ளையின் நிலையை அளக்க எளிய ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கல்வி நிலை குறித்து 2005 முதல் வெளிவரும் அசர் அறிக்கைக்காகத் தன்னார்வலர்கள் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரே தாள். சில எழுத்துகள், சில எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. எழுத்தில் நிற்கிறதா, சொல்லில் நிற்கிறதா, பத்தியிலா, கதையிலா? சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தத் தாளைப் போல ஒன்றைத் தன்னார்வலர் தாமே எழுதிக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: நான்கு பேருக்கு முன்னால் ஒரு பிள்ளையைச் சோதிக்கக் கூடாது. தெரியாது என்பது வெட்கமாக மாறிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.

தமிழ் எழுத்து 247 என்று கேட்டதும் மலைப்பு வரும். ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் சிலவே. அவை திரும்பத் திரும்ப அவையேதான். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் ககரம், பிறகு துணைக்கால். கொம்பை எழுதுவது முன்னால். அதன் ஒலி வருவதோ ககரத்துக்குப் பின்னால். கண் இடமிருந்து வலமாகப் போக, ஒலி முன்னும் பின்னுமாகப் போகிறது. கொம்பைக் கவனிக்காத பிள்ளை 'காடி' என்று வாசிக்கும். துணைக்காலைக் கவனிக்காத பிள்ளை 'கெடி' என்று வாசிக்கும். இரட்டைக்கொம்பையும் ஒற்றைக்கொம்பையும் பிரித்தறியாத பிள்ளை 'கோடி' என்று வாசிக்கும். மூன்றும் தவறுதான். ஆனால் மூன்றும் ஒரே தவறா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 'தப்பு, மறுபடி படி' என்று சொல்பவர் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு மட்டும்தான் எந்தக் குறி கண்ணுக்குத் தப்பியது என்பது தெரியும்.

'பாட்டி' என்பதைப் 'பாடி' என்று வாசிக்கும் பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்து கண்ணில் படவில்லை. 'பம்பரம்' என்பதில் முதல் பகரமும் நடுப் பகரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு; எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இரண்டையும் ஒன்றாக ஒலித்துவிட்டு, தான் சொன்னது என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும். பம்பரம் அதன் கால்சட்டைப் பையிலேயே இருக்கலாம்! அந்த இடத்தில் 'நீ விளையாடுவியே, சாட்டை சுத்தி விடுவியே' என்று ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் எழுத்தும் பொருளும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

எடுத்துக் கொடுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுப்பது? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, தெளிந்தன; அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி சிறிதா? ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். பெரியவர்களின் வாய் தானாகத் திறந்துவிடும். அதை அடக்குவதுதான் முதல் மாதப் பயிற்சி.

முதன்முறை வருபவர் அனைவரும் செய்யும் தவறு இன்னொன்றும் உண்டு. புத்தகத்தில் 'வந்தார்கள்' என்று இருக்கும். பிள்ளை 'வந்தாங்க' என்று வாசிக்கும். உடனே திருத்திவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை எழுத்தை வாசித்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வாய்மொழிக்கு மாற்றியும் சொல்லிவிட்டது. எழுத்துக்கூட்டிப் பொருள் தெரியாமல் 'வந்தார்கள்' என்று சொன்ன பிள்ளையைவிட இது முன்னேறிய நிலை. 'ஆமா, வந்தாங்க. புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு பார்' என்று காட்டினால் போதும். வீட்டுமொழி தமிழாக இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. திருப்பூர்ப் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. மலையூர்களில் பழங்குடி மொழிகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து வராதது போலத் தோன்றும் இடத்தில், உண்மையில் சொல்லே தெரியாமல் இருக்கலாம். முதலில் பேச்சு, பிறகு எழுத்து. பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, அவர்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று தன்னார்வலர் கேட்டுத் தெரிந்துகொண்டால், கற்பவர் யார் கற்பிப்பவர் யார் என்பது கொஞ்ச நேரம் மாறிப்போகும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

எதை வாசிக்கக் கொடுப்பது? பாடநூலையே மறுபடி கொடுத்தால் மனப்பாடம் குறுக்கே வரும். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு கதைப் புத்தகங்கள் பள்ளிகளில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். சில பக்கங்களில் முடியும் கதைகள். பல இடங்களில் அவை கிழிந்துவிடும் என்று பயந்து அலமாரியில் பத்திரமாகப் பூட்டியிருக்கும். கிழிந்த புத்தகம் யாரோ வாசித்த புத்தகம் என்பதைத் தலைமையாசிரியரிடம் பணிவாக எடுத்துச் சொல்லிச் சாவியை வாங்குவது தன்னார்வலரின் சாமர்த்தியம்.

எழுத்தைப் போலவே எண். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதும். கவனக்குறைவா? இல்லை. நாலில் ஒன்று போனால் மூன்று; ஏழில் இரண்டு போனால் ஐந்து. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அந்தப் பிள்ளை மிகுந்த ஒழுங்கோடு பின்பற்றியிருக்கிறது. அடுத்த கணக்கிலும் இதையே செய்யும். சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டால் விடை தவறு என்பது மட்டும் தெரியும். எங்கே தவறு என்பது தெரியாது. 'எப்படிப் போட்ட, சொல்லு' என்று கேட்டால் பிள்ளையே வழியைக் காட்டிவிடும். பிறகு தீக்குச்சிகளை எடுத்து, பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் வளையம் போட்டு, நான்கு கட்டும் இரண்டு தனிக் குச்சிகளும் வைத்து, ஏழு குச்சி கொடு என்று கேட்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்வது? பிள்ளை கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு ஒரு கட்டைப் பிரிக்கும். கடன் வாங்கிக் கழித்தல் என்று கரும்பலகையில் இருந்தது கைக்கு வந்துவிட்டது. குச்சிக்குப் பதில் புளியங்கொட்டை ஆகாதா? எண்ணுவதற்கு ஆகும், கட்டிப் பிரிப்பதற்குக் குச்சிதான் வசதி.

மாலையில் அப்பாவின் காய்கறி வண்டியில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கும் பிள்ளை, காலையில் கழித்தல் கணக்கில் சுழியம் வாங்குவதை ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. விற்பனைக் கணக்கை மனத்திலேயே சரியாகப் போடும் அந்தச் சிறுவர்கள், அதே அளவு கணக்கைப் பாடநூல் வடிவில் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. 'ஐம்பது ரூபாய் குடுத்தாங்க, தக்காளி முப்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினாங்க, மீதி எவ்வளவு?' என்று வாயால் கேட்டு, விடை வந்தபின் அதையே தாளில் எழுதிக் காட்டலாம். வகுப்பின் ஓட்டத்தில் இதற்கு இடம் கிடைப்பதில்லை; பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கிறது.

ஒழுங்கு பற்றிச் சொல்லத் தனியே அதிகம் இல்லை. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. தன்னார்வலர் கையில் குச்சி இருந்தால் அது எண்ணுவதற்கு மட்டுமே. ஒரு பிள்ளை பத்து நிமிடத்துக்கு மேல் நெளிந்தால் பிழை பிள்ளையிடம் இல்லை, நேரம் முடிந்துவிட்டது. மதிய உணவுக்கு முந்தைய அரைமணி நேரத்தில் எவ்வளவு நல்ல கதையும் சாம்பார் மணத்தோடு போட்டி போட முடியாது. மிட்டாய் கொடுத்துப் படிக்க வைப்பவரும் உண்டு. அடுத்த வாரம் மிட்டாய் இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கட்டும். 'அவளைப் பார், எவ்வளவு அழகா வாசிக்கிறா' என்ற ஒப்பீடு மிட்டாயைவிடவும் கெடுதல்.

ஆசிரியரைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் குறை சொல்லக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வேண்டும். ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நான்கு பேரோடு உட்காருபவருக்கு, ஐந்து நாளும் மூன்று வகுப்புகளைச் சுமப்பவரின் பொறுமைக் குறைவு எளிதில் கண்ணில் படும். அந்தச் சுமையை ஒரு நாள் முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்தபின் பேசினால் பேச்சு மாறியிருக்கும்.

எத்தனை நாள் வருவது? தொடங்கும்போது தினமும் வருவேன் என்று சொல்பவரைவிட, செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு வருவேன் என்று சொல்லி அப்படியே வருபவர் பள்ளிக்குப் பயன்படுவார். புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது கற்க வந்தவர்கள் பெரியவர்கள். தொண்டர் ஒருநாள் வராவிட்டால் காரணத்தை அவர்களால் ஊகிக்க முடியும். ஏழு வயதுப் பிள்ளை அப்படி ஊகிக்காது. தான் சரியாக வாசிக்கவில்லை என்பதால்தான் அக்கா வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். வர முடியாத நாளை முன்னதாகவே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மொத்தமாக விடைபெறும் நாளையும் அப்படியே; தேர்வோ வேலையோ திருமணமோ, எதுவானாலும் காரணத்தோடு, இரண்டு வாரம் முன்னதாக.

கடைசியாக, குறிப்பு நோட்டு. பத்து ரூபாய்க்கு விற்கும் நோட்டு போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில பக்கங்கள். தேதி, வாசித்த புத்தகம், தடுக்கிய எழுத்து, போட்ட கணக்கு, பிள்ளை சொன்ன விளக்கம். புகழுரையும் வருத்தமும் வேண்டாம். 'ஒற்றைக்கொம்பைப் பார்க்கிறாள், துணைக்கால் தப்புகிறது' என்று ஒரு வரி இருந்தால் ஆசிரியர் மறுநாளே அதை எடுத்துக்கொள்வார். வாரக் கடைசியில் அந்த நோட்டை வகுப்பாசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் 'இந்தப் பையனுக்குக் கண் பரிசோதனை செய்யணும், கரும்பலகையிலும் இப்படித்தான்' என்று சொல்லக்கூடும். அது தன்னார்வலருக்குத் தெரியாத செய்தி. நிலை மாறிய பிள்ளையின் பெயரை ஆசிரியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு பெயரைக் கொடுப்பார். தன்னார்வலர் விலகும்போது நோட்டு அவரோடு வீட்டுக்குப் போகக் கூடாது. அது தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும். அடுத்து வருபவர் முதல் நாள் பெயர்களைக் கேட்டுக் கதையைச் சொல்லி முடித்தபின், அதைப் பிரித்து, முன்னவர் விட்ட பக்கத்திலிருந்து தொடங்குவார்.